மாப்பிள்ளை என்ன பண்றார்?

வயலின் வாசித்தால் வயலின் வித்வான். மிருதங்கம் வாசித்தால் மிருதங்க வித்வான். பின்னால் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தம்பூரா போடுகிறவருக்குக்கூட அழைப்பிதழின் கடைசி வரியில் ஓர் இடம் உண்டு. சபா கேன்டீனில் கீரை வடை போடுகிறவரைப் பற்றி டிசம்பர் மாதத்தில் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். சரி, அந்த வயலினையும் மிருதங்கத்தையும் தம்பூராவையும் செய்தவர்? ஆளின் பெயரை விடுங்கள். அவர் பார்க்கிற தொழிலுக்காவது ஒரு பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம்.

'செய்கிறவர்' என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். போதாதாம்.

கிடார் விஷயத்தில் இன்னும் மோசம். எங்கள் நசரத்பேட்டையில் இதனால் ஒரு கல்யாணமே அந்தரத்தில் நிற்கிறது.

நசரத்பேட்டை தெரியாதவர்களுக்கு: பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் செம்பரம்பாக்கம் பக்கம் போகிற வழி. லாரி ஹாரன் தவிர வேறு சங்கீதம் ஊரில் கிடையாது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். வாட்டர் கேன் குடோனுக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். உள்ளே கறிக்கடையில் தொங்குகிற தினுசில் பத்துப் பன்னிரண்டு கிடார்கள், கழுத்து மேலாக. கீழே ஒரு பெஞ்சு, க்ளாம்ப்புகள், உளி, அரம், மர வாசனை. நடுவில் இருபத்தொன்பது வயதுத் தம்பி ஒருவர். (பெயர் வேண்டாம். பெண் பார்க்கிற சமயம்.)

சுற்றுவட்டாரத்தில் இன்ஜினீயரிங் காலேஜ்கள் நிறைய. ஹாஸ்டலுக்கு ஒரு கிடார் கட்டாயம் உண்டு. அதில் நான்கு கம்பிதான் இருக்கும். 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது 1982-இல். அன்றிலிருந்து இன்று வரை கிடார் வாங்குகிற ஒவ்வொரு பையனும் முதலில் தடவிப் பார்ப்பது 'இளைய நிலா'தான். முதல் பத்து செகண்டுக்கு மேல் போனவர்களை நான் பார்த்ததில்லை. விரல் வலிக்கிறது, கம்பி உயரமாக இருக்கிறது, கிடாரில்தான் ஏதோ கோளாறு என்று பைக்கில் பின்னால் உட்கார்ந்தவன் முதுகில் கட்டிக்கொண்டு தம்பியிடம் வருவார்கள். பாதிக்குப் பாதி நிஜமாகவே கோளாறு கிடாரில்தான் இருக்கும் என்கிறார் தம்பி. மீதிப் பாதியிடமும் அவர் அப்படியேதான் சொல்கிறார். தொழில் தர்மம்.

ஒரு சங்கதி சொல்கிறேன், ஆச்சரியப்படுவீர்கள். ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண கிடாரில் ஆறு கம்பியையும் சுதி சேர்த்துவிட்டால், மொத்தம் சுமார் 70 கிலோ இழுவை. அதாவது உங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க் சைஸில் ஒரு முழு ஆள் ராத்திரி பகலாக அதைப் பிடித்துத் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்குகிற முன்பலகையின் கனம் சுமார் மூன்று மில்லிமீட்டர். கூடக் கொஞ்சம் கனம் வைத்தால் உடையாது, ஆனால் பாடாது. மெலிதாக்கினால் பாடும், ஒரு நாள் படார். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலிழை இடம் இருக்கிறது. அங்கேதான் இந்தத் தம்பி மாதிரி ஆட்கள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

மே மாதத்தில் கிடாரைக் காரில் பூட்டி வைத்துவிட்டு சினிமாவுக்குப் போனால், உள்ளே இருக்கிற சூட்டில் பசை இளகி, கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து எழுந்துவிடும். மழைக்காலத்தில் மரம் ஊதும். ஏ.சி. ரூமில் காய்ந்து வெடிக்கும். ஃப்ரெட் தேய்ந்தால் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். அந்த ஃப்ரெட் ஒவ்வொன்றும் எங்கே உட்கார வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மிச்சமிருக்கிற கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்து, அந்த அளவு தள்ளி அடுத்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சரியாகப் பாதி நீளம் வந்து நிற்கும். பதினாறாம் நூற்றாண்டில் 18-க்கு 17 என்று இதற்கு ஒரு கைக்கணக்கு சொன்னவர் வின்சென்சோ கலிலி, நம்ம கலிலியோவின் அப்பா. அவர் லூட் என்கிற தந்தி வாத்தியம் வாசிக்கிறவர். லூட் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி இதையெல்லாம் காலேஜில் படிக்கவில்லை. அப்பா கட்டட மேஸ்திரி. பையன் பத்தாவது முடித்துவிட்டு சோபா பட்டறையில் எடுபிடி, அப்புறம் டவுனில் ஒரு மியூசிக் கடையில் சாமான் தூக்குகிற வேலை. அங்கே உடைந்து மூலையில் கிடந்த கிடார்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். இப்போது வருஷத்துக்கு இரண்டு மூன்று புதுக் கிடாரும் செய்கிறார். நாலு பேர் மெச்சுகிற மாதிரியே செய்கிறார்.

முதல் சிக்கல் போர்டில் வந்தது. 'கிடார் ரிப்பேர், பிரிட்ஜ், நெக் சரிசெய்யப்படும்' என்று எழுதிக் கொடுத்தார். ஃப்ளெக்ஸ் அடித்த புண்ணியவான் புள்ளியைத் தூக்கிவிட்டு ஒரு கொக்கி போட்டு 'கிடாரி ரிப்பேர்' என்று அடித்துவிட்டான். செம்பரம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, மாட்டு டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதே வாரம் ஓர் அம்மாள், சிங்கிள் டோர்தான், ஐஸ் பிடிக்க மாட்டேங்குது, வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா என்று விசாரித்தாள். பிரிட்ஜ்!

இரண்டாவது சிக்கல், கல்யாணத் தரகர். பெண் வீடு ஆவடி. பெண்ணின் அப்பா டாங்கி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சு வார்த்தை எனக்குத் தெரிந்த வரையில் இப்படிப் போயிருக்கிறது:

"மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"கிடார்ங்க."

"ஆர்க்கெஸ்ட்ராவா? ராத்திரியில வீட்டுக்கு வர மாட்டாரே."

"வாசிக்கிறது இல்லீங்க. செய்யறார். ரிப்பேரும் பார்க்கறார்."

"வாசிக்கத் தெரியாதவர் எப்படிங்க செய்வார்?"

"உங்க வீட்டுத் தொட்டிலைச் செஞ்சவர் அதுல படுத்தா பார்த்தார்?"

"அது சரி. டிரேடு என்ன?"

இங்கேதான் தரகர் மாட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் தொழிற்சாலையில் இருந்தவருக்கு மனிதன் என்றால் ஒரு டிரேடு இருக்க வேண்டும். ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீஷியன். தரகர் யோசித்து, "மியூசிக்கல் இன்ஜினீயர்னு வெச்சுக்குங்க" என்றிருக்கிறார். "அதெல்லாம் வெச்சுக்க முடியாது. ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்ல என்ன போட்டிருக்கு?"

மறுநாள் தரகரும் தம்பியும் என் வீட்டு வாசலில். நான் அவ்வப்போது பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால், தமிழில் எந்த வார்த்தை வேண்டுமென்றாலும் என் வீட்டு டிராயரில் ஸ்டாக் இருக்கும் என்று தெருவில் ஒரு நம்பிக்கை.

ஐ.டி.ஐ. என்றதும் அங்கேயே தேட ஆரம்பித்தேன். நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒவ்வொரு டிரேடுக்கும் அழகான தமிழ்ப் பெயர் உண்டு. ஃபிட்டர் என்றால் பொருத்துநர். டர்னர், கடைசலர். வெல்டர், பற்றவைப்பவர். மெக்கானிக்குக்குச் சங்க காலத்துச் சரக்கை எடுத்துக் கம்மியர் என்று வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் கம்பியோடு மல்லுக்கட்டுகிற நம் தம்பிக்கு மிகப் பொருத்தமாகக் 'கம்பியாள்' என்று ஒரு வார்த்தையும் இருக்கிறது! சந்தோஷப்பட்டுக்கொண்டே மேலே படித்தால், அது வயர்மேனுக்காம். வீட்டுக்கு ஒயரிங் பண்ணுகிறவர். போயிற்று.

அடுத்து அரசாங்கத்தைப் பார்ப்போம் என்று உத்யம் பதிவுக்குப் போனோம். சிறுதொழில் செய்கிறவர்கள் பதிவு செய்துகொள்கிற அந்தப் படிவத்தில், நீ யார் என்று கேட்பதில்லை. உன் நம்பர் என்ன என்றுதான் கேட்கிறது. 2008-ஆம் வருஷத்து தேசியத் தொழில் வகைப்பாட்டின்படி இசைக்கருவி தயாரித்தால் 3220. இசைக்கருவியை ரிப்பேர் செய்தால்? அது வேறு ஜாதி. 9529. சைக்கிள் ரிப்பேர், கைக்கடிகார ரிப்பேர், துணி ஆல்டரேஷன் எல்லாரும் குடியிருக்கிற காலனி அது. ஆக, தம்பி காலையில் கிடாருக்குப் பலகை ஒட்டும்போது உற்பத்தியாளர், மத்தியானம் சோறு தின்றுவிட்டு அதே பெஞ்சில் அதே க்ளாம்ப்பை இன்னொரு கிடாருக்குப் போடும்போது பழுது பார்ப்பவர். இரண்டு நம்பரையும் போட்டுக்கொள்ளலாம் என்பது ஆறுதல். ஆனால் மாமனாரிடம் போய், "மாப்பிள்ளை 3220, 9529" என்றால் அவர் லாட்டரிச் சீட்டு என்று நினைத்துக்கொள்வார்.

இங்கிலீஷில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது என்று என் ஆபீஸில் பக்கத்து சீட் பையன் சொன்னான். லூத்தியர். பிரெஞ்சிலிருந்து இரவல் வாங்கியது. லூட் செய்கிறவர் என்று அர்த்தம். (சொன்னேனே, லூட் மறுபடி வரும் என்று.) இன்றைக்கு லூட் வாசிக்கிறவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் பெயர் மட்டும் தங்கிவிட்டது. வயலின் செய்தாலும் கிடார் செய்தாலும் லூத்தியர். அந்த லூட் எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் அரபு மொழியின் 'அல் ஊத்'. ஊத் என்றால் கட்டை, மரம். சாமிக்கு நாம் ஏற்றுகிற ஊதுவத்தியில் இருப்பதும் அதே ஊத், வாசனைக் கட்டை. ஆக, அத்தனை நாகரிகமாக மூக்கால் உச்சரிக்கிற லூத்தியரைத் தட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது மரக்கட்டைக்காரர்!

தம்பியிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"லூட்டியா சார்? காலேஜ் பசங்கதான் லூட்டி அடிக்கிறாங்க, நான் வேலைதானே பார்க்கறேன்."

தரகர் இன்னொரு ஆபத்தை எடுத்துக் காட்டினார். "லூத்தியர்னா அவங்க லூத்தரன்னு எடுத்துப்பாங்க. மாப்பிள்ளை எப்ப சர்ச்சுக்கு மாறினார்னு கேட்டா நான் எங்க போவேன்?"

சரி, மற்ற நாட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? ஸ்பெயின்காரர்களுக்குக் கவலையே இல்லை. வாசிக்கிறவர் கிதாரிஸ்தா, செய்கிறவர் கிதாரேரோ. இரண்டு பேருக்கும் ஒரே தாய் வயிற்றுப் பெயர். இன்றைக்கு நாம் பார்க்கிற கிளாசிகல் கிடாரின் உருவத்தை நிலைநிறுத்திய அந்தோனியோ தே தோரெஸ் (1817-1892), தச்சு வேலை கற்றுக்கொண்டு வந்த ஆள். கிடாரின் சத்தமெல்லாம் முன்பலகையில்தான் என்று அடித்துச் சொன்னார். யாரோ நம்பவில்லை போலிருக்கிறது. 1862-இல் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் காகிதக்கூழில் செய்து, முன்னால் மட்டும் நல்ல மரம் போட்டு ஒரு கிடார் செய்து காட்டினார். நம்ம ஊர் கொலு பொம்மை டெக்னிக்!

ஜெர்மன்காரர்கள் கிடார் 'கட்டுகிறவர்' என்கிறார்கள். வீடு கட்டுகிற அதே கட்டு. ஆனால் இந்தக் கட்டுகிற உரிமை யாருக்கு என்று அங்கே நடந்த சண்டைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கடைசியில் அது எங்கள் ஊர் வாசலுக்கே வருகிறது.

சாக்சனியில் மார்க்நாய்கிர்ஷென் என்று ஓர் ஊர். ஊரே வாத்தியம் செய்கிற ஊர். வயலின் செய்கிறவர்களுக்குத் தனிச் சங்கம். மேஜை நாற்காலி அலமாரி செய்கிற மரவேலைக்காரர்களுக்குத் தனிச் சங்கம். கிடார் என்கிற புது வஸ்து பிரபலமானதும் மரவேலைக்காரர்கள் அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். 1826-இல் வயலின் சங்கம் புகார் கொடுத்தது. நாங்கள் கலைஞர்கள், அவர்கள் வெறும் பெட்டி அடிக்கிறவர்கள், கிடாரை அவர்கள் தொடக் கூடாது. வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் மரவேலைக்காரர்கள் பக்கம்தான் ஜெயித்தது. ஆனால் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின் என்கிறவருக்கு வெறுத்துப்போய்விட்டது. வேலை செய்வதற்கே பர்மிஷன் கேட்க வேண்டிய ஊரில் எவன் இருப்பான் என்று 1833-இல் குடும்பத்தோடு நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். அங்கேயும் மனசு ஒட்டாமல் சில வருஷத்தில் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊருக்குக் குடிபோனார். மார்ட்டின் கிடார் என்றால் இன்றைக்கு உலகமே கையைக் கட்டி நிற்கிறது. இப்போதும் கம்பெனி அதே குடும்பத்தின் கையில், அதே ஊரில்.

அந்த ஊரின் பெயர் நாசரேத்.

நான் கதை விடவில்லை. மார்ட்டின் கிடாருக்குள் எட்டிப் பார்த்தால் ஊர்ப் பெயர் போட்டிருக்கும். 'தி பேண்ட்' குழுவின் ராபி ராபர்ட்சன் தன் கிடாருக்குள் அப்படி எட்டிப் பார்த்துத்தான் 1968-இல் 'தி வெயிட்' பாட்டை நாசரேத்தில் ஆரம்பித்தார். அந்தப் பாட்டைக் கேட்டு ஸ்காட்லாந்தில் ஒரு கோஷ்டி தங்களுக்கே நாசரேத் என்று பெயர் வைத்துக்கொண்டது. போதாக்குறைக்கு, பிரேசில் ஈட்டி மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1969-இல் மார்ட்டின் கம்பெனி இந்திய ஈட்டிக்கு மாறியது. நீலகிரிச் சரிவுகளில் வளர்கிற ஜாதி மரம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நாசரேத்துக்குக் கட்டை போகிறது, நசரத்பேட்டையில் கட்டையை இழைக்கிறவருக்கு ஒரு பெயர் இல்லை. பைபிளில் வருகிற நாசரேத்துக்காரரைத் தமிழில் தச்சர் என்றே எழுதிவிட்டார்கள், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

தச்சர் என்றே நாமும் வைத்துக்கொண்டால் என்ன? கிடார் தச்சர். நன்றாகத்தானே இருக்கிறது?

"வேணாம் சார்" என்றார் தம்பி. "தச்சர்னு போட்டா கதவு நிலை ஒட்ட மாட்டேங்குது, வந்து இழைச்சுக் குடுன்னு வருவாங்க. கிடார் ஆசாரின்னு போட்டா அதைவிட வம்பு. நாங்க அவங்க இல்லை. போட்டா எனக்கும் சங்கடம், அவங்களுக்கும் சங்கடம்."

எனக்குச் சுருக்கென்றது. மார்க்நாய்கிர்ஷென்காரர்கள் பாவம், யார் எதைச் செய்யலாம் என்று வழக்குப் போட்டு அடித்துக்கொண்டார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. பிறக்கும்போதே தீர்ப்பு எழுதிவிட்டோம். ஆசாரி, தச்சர், கொல்லர், குயவர்... தமிழில் கைத்தொழில் செய்கிறவருக்குக் காலகாலமாக இருக்கிற பெயர்களில் எது தொழில், எது ஜாதி என்று கத்தி வைத்துப் பிரிக்க முடியாது. அப்பாவிடமிருந்து வராத தொழிலை ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டவனுக்கு டிக்‌ஷனரியில் ஸீட் இல்லை. கிடார் புதுசு, போகப் போகப் பெயர் வரும் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிக்கல் ஆரம்பித்தது 1842-இல். அன்றிலிருந்தே மேற்கத்திய வாத்தியங்கள் இங்கே விலைக்குக் கிடைக்கின்றன.

பழைய வாத்தியங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது! தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல். சந்தோஷம். பட்டம் ஊருக்கு. பலா மரத்தைக் குடைகிறதற்கு, யாளி முகம் செதுக்குகிறதற்கு, மெழுகில் 24 மெட்டையும் உட்கார வைக்கிறதற்கு எல்லாம் தனித்தனி வார்த்தை இருக்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். கல்யாண மேளம் மாதிரி எவ்வளவு ஜோரான வார்த்தை! அதைக் கட்டுகிறவருக்கு? வேலைக்குப் பெயர் உண்டு, ஆளுக்குக் கிடையாது. மிருதங்கக்காரர்கள் கதை இன்னும் உறுத்தும். ஆடு, மாடு, எருமை மூன்று தோலையும் கையாண்டு அதைச் செய்கிற குடும்பங்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகமே எழுதினார். 2020-இல் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த இடத்தைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் இல்லை என்றுவிட்டது. வேறு இடத்தில் நடந்தது.

இன்னும் பின்னால் போனால் யாழ். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் ஒரு யாழை அங்குலம் அங்குலமாக வர்ணிக்கிறார். மானின் குளம்பு அழுந்திய தடம் போல நடுவில் பிளவுபட்ட உடல், வளைக்குள் இருக்கிற நண்டின் கண் மாதிரி துளையை அடைத்த ஆணி என்று தம்பி சொல்கிற அதே நுணுக்கத்தில். படித்தால் நாமே ஒன்று செய்து விடலாம் போலிருக்கும். செய்தது யார் என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்தக் காலத்தில் சென்னையில் 'உரு' என்ற பட்டறை வைத்து அந்த யாழைத் திரும்பச் செய்த தருண் சேகர் என்ற இளைஞரை இங்கிலீஷ் பத்திரிகைகள் என்னவென்று எழுதின தெரியுமா? லூத்தியர்! யாழ் நம்முடையது, செய்தவர் நம்மவர், பட்டம் மட்டும் பாரிஸிலிருந்து.

தரகர் கொட்டாவி விட்டார். "சார், சீக்கிரம். வர்ற ஞாயித்துக்கெழமை நான் பதில் சொல்லணும்."

கிடார் டாக்டர் என்றேன். "டாக்டர்னா பேஷண்ட் செத்தாலும் பீஸ் வாங்கணும், எனக்கு மனசு வராது" என்றார் தம்பி. கிடார் மெக்கானிக்? கையில் க்ரீஸ் வாசனை அடிக்கிறது. நரம்பிசைக் கருவிக் கைவினைஞர்? விசிட்டிங் கார்டில் இடம் போதாது.

அப்போதுதான் எனக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. டீ ஆற்றுகிறவர் மாஸ்டர். பரோட்டா போடுகிறவர் மாஸ்டர். துணி வெட்டுகிறவர், டான்ஸ் சொல்லிக் கொடுக்கிறவர், சினிமாவில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறவர்... எல்லாரும் மாஸ்டர். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல், கையில் வேலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஜனங்களே கொடுத்த பட்டம் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் கிடார் மாஸ்டர் என்றால் டியூஷன் எடுக்கிறவர் ஆகிவிடும். அப்படியானால் அதற்கு முந்தின தலைமுறை வார்த்தை? அதுவும் இருக்கிறது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என்று போர்ச்சுகீசியர்கள் நம்மிடம் விட்டுவிட்டுப் போன சாமான்களில் ஒன்று, 'மெஸ்த்ரே'. மாஸ்டருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தமிழில் மேஸ்திரி.

"கிடார் மேஸ்திரி!" என்றேன்.

தம்பி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்பா மேஸ்திரி சார்" என்றார்.

அப்பாவிடம் கேட்டிருக்கிறார். பெரியவருக்கு ஆட்சேபணை. "மேஸ்திரின்னா கீழ பத்து ஆளு நிக்கணும்டா. உங்கிட்ட யார் இருக்கா?" ஒரு ஹெல்பர் பையன் பகுதி நேரமாக வருகிறான் என்றதும், "சரி, போட்டுக்கோ" என்று இறங்கி வந்தாராம். கார்டு நூறு அடித்தாயிற்று. இந்தத் தடவை புள்ளி, கொக்கி எல்லாவற்றையும் நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தரகருக்கு வேலை வைக்காமல் ஆவடிக்காரரே பஸ் பிடித்து வந்துவிட்டார். கார்டை வாங்கி, படிக்காமல் சட்டைப் பையில் வைத்தார். தொங்கிக்கொண்டிருந்த கிடார் ஒன்றை இறக்கச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃப்ரெட் ஓரங்களில் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பார்த்தார். எங்கேயும் தட்டவில்லை. ஒரு ஸ்டீல் ஸ்கேல் கேட்டார். ஃப்ரெட் மேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஒரு கண்ணை மூடினார்.

"ஃபீலர் கேஜ் வெச்சிருக்கியா?"

தம்பி டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அரத்தைப் பற்றி. எந்த அரம் தாமிரத்துக்கு, எது நிக்கலுக்கு, இப்போதெல்லாம் வருகிற அரம் ஆறு மாதத்தில் ஏன் மொட்டையாகிவிடுகிறது என்பதைப் பற்றி. கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை என்று தரகர் தலையில் அடித்துக்கொள்கிறார். பெண் வீட்டிலிருந்து இது எழுதுகிற வரையில் பதில் ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை ஒரு மஞ்சப் பை மட்டும் வந்தது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றின பழைய அரங்கள், ஏழு.